பொட்டாசியம் போன இடம்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை அடி அண்ணாமலையில் ஒருவர் "கால் வரல" என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர். ராத்திரி முழுக்க ஜனம் நடந்துகொண்டே இருக்கும், ஊர்க்காரர்கள் தூங்காமல் கடை போட்டிருப்பார்கள். விடிந்தால் எல்லாருக்கும் கால் வலிதான். என் மாமா மகனுக்கு வந்தது வேறு என்று தெரிய மூன்று தடவை ஆனது அதனால்தான்.

மச்சான் இளநீர் வியாபாரி. அப்போது வயது 29. பௌர்ணமி என்றால் சாயங்காலம் தொடங்கி விடியும்வரை நின்றபடியே காய் சீவுவார். அப்புறம் அன்னதானப் பந்தலில் சாம்பார் சாதமும் கேசரியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்துவிடுவார். ஒருநாள் அப்படிப் படுத்தவருக்கு எழுந்திருக்கும்போது இரண்டு காலும் அசையவில்லை. கையும் பாதிதான் தூக்க வந்தது. நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தன. தொட்டால் தெரிந்தது. "இன்னாடா, சரக்கா?" என்றார் அவருடைய பெரியப்பா. மத்தியானம் தானாகவே எழுந்து நடந்தார். நடந்தபிறகு யாரிடம் போய் எதைக் காட்டுவது?

அடுத்த தடவை ஒரு கிளினிக்கில் அசதி என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்சநஞ்சம் அசைந்த கையும் விழுந்துவிட்டது. சாயங்காலம் சரியானது. அதற்குள் மாமனார் வீட்டில் "குடிக்கிறான், இல்லைன்னா வேலைக்கு டிமிக்கி குடுக்கிறான்" என்று பேச்சு வந்துவிட்டது. அண்ணி மட்டும் நம்பினார்கள்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ரொம்பப் பயப்படுகிற பக், எப்போதும் வருவது அல்ல. ஆள் பார்க்க வந்ததும் மறைந்துவிடுகிற பக்தான். நான்கு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் வரும். அது நடக்கிற நேரத்தில் பதிவு எடுக்காவிட்டால், புகார் சொன்னவர்தான் பொய்யர் ஆவார்.

மூன்றாவது தடவை டியூட்டியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் வேறெதுவும் செய்வதற்கு முன்னால் ரத்தம் எடுத்தார். பொட்டாசியம் 1.9. இருக்க வேண்டியது 3.5-லிருந்து 5 வரை. உடனே ஈசிஜி எடுத்தார்கள், அளவு பார்த்துப் பொட்டாசியம் கொடுத்தார்கள். அப்புறம் தைராய்டு பரிசோதனை. அது எகிறியிருந்தது. ஆறு மாதமாக மெலிந்தது, கை நடுங்கியது, வியர்த்துக்கொட்டியது எல்லாவற்றையும் வெயிலின் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

இளநீர் விற்கிறவருக்கே பொட்டாசியம் பற்றாக்குறையா என்று வீட்டில் சிரித்தார்கள். உண்மையில் பற்றாக்குறையே இல்லை. அது இடம் மாறியிருந்தது. உடம்பின் பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்தான் இருக்கிறது. செல்லின் சவ்வில் உள்ள பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் பம்புகள் பெருகும். சோறும் இனிப்பும் சாப்பிட்டதும் சுரக்கிற இன்சுலின் அவற்றை முடுக்கிவிடும். தசை உழைக்கும்போது வெளியே வந்த பொட்டாசியம், ஓய்வில் உள்ளே திரும்பும். உள்ளே போனது மறுபடி வெளியே வரச் சில வாசல்கள் இருக்கின்றன. அந்த வாசல் சரியாகத் திறக்காவிட்டால் பொட்டாசியம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தசைச் சவ்வின் மின்னழுத்தம் நிலைகுலையும், சோடியம் வாசல்கள் பூட்டிக்கொள்ளும். நரம்பு கட்டளை அனுப்பும், தசைதான் கேட்காது. குளுக்கோஸ் ஏற்றியதும் கை விழுந்ததற்கும் இன்சுலின்தான் காரணம்.

அப்படி ஒரு வாசலுக்கான மரபணுதான் கேசிஎன்ஜே18. அது செய்யும் புரதத்தின் பெயர் கிர் 2.6. 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ப்டாசெக் குழு இதைப் பற்றி 'செல்' இதழில் எழுதியது. 17-ஆம் குரோமோசோமில் கேசிஎன்ஜே12 என்று இன்னொரு மரபணு உண்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றேபோல இருக்கும், அதனால்தான் இது வெகுகாலம் தனியாகத் தெரியவில்லை. காப்பி-பேஸ்ட் செய்த கோடில் இரண்டு எழுத்து மாறியிருந்தால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிற மாதிரி. ஆனால் இந்த நகல் தைராய்டு ஹார்மோனின் சொல்லுக்குக் கட்டுப்படுவது.

சில நாட்டு நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு இந்த மரபணுவில் பிழை இருந்தது. ஹாங்காங், தாய்லாந்து நோயாளிகளிடம் அது அநேகமாக இல்லை. ஆக, பழியை முழுக்க ஒரு மரபணுவின் தலையில் கட்ட முடியாது. தைராய்டு மிகுவது பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் இந்த வாதம் ஆசிய ஆண்களைத்தான் தேடி வருகிறது. 1967-இல் வெளியான ஹாங்காங் ஆய்வில் தைராய்டு மிகுந்த ஆண்களில் 13 சதவீதம் பேருக்கு இது இருந்தது. பெண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை.

மச்சானின் மரபணுவை யாரும் பரிசோதிக்கவில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. தைராய்டு கட்டுக்குள் வந்தால் இந்த வாதம் வராது. அவருக்கும் அதற்குப் பிறகு வரவில்லை. இன்றைக்கும் பௌர்ணமி ராத்திரி காய் சீவுகிறார், பந்தலில் கேசரியும் சாப்பிடுகிறார்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ ஹாஸ்டலிலோ திடகாத்திரமான ஒரு பையன் தூங்கி எழுந்து "கை கால் வரல" என்றால், அவன் என்ன குடித்தான் என்று விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டிலேயே மாத்திரையோ உப்போ கொடுத்துவிடாதீர்கள். தசைக்குள் சிக்கியது திரும்பி வரும்போது ரத்தத்தில் அளவு மீறி ஏறும், அதுவும் ஆபத்து.

அண்ணி அந்த 1.9 ரிப்போர்ட்டை லேமினேட் செய்து கைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள். டாக்டருக்குக் காட்டவா என்று கேட்டேன்.

"டாக்டருக்கு கம்ப்யூட்டர்ல இருக்குதே. இது எங்கப்பாவுக்கு."