பாலாடை போதுமாம்

உத்தியோகத்துக்குத் திரும்பும் நாள் சமீபித்துவிட்டபடியால், நேற்று கடைக்குப் போய், குழந்தைக்கான தள்ளுவண்டி, ஆடும் நாற்காலி, புட்டியைக் கொதிக்கவைக்கும் யந்திரம் முதலிய சாதனங்களையெல்லாம் பிரமிப்போடு பார்த்துவிட்டு, கையால் அழுத்தும் பால் பம்பு ஒன்றை மாத்திரம் வாங்கிவந்தேன்.

தள்ளுவண்டியை உருட்ட முதலில் தெரு வேண்டாமோ?

புட்டி விஷயத்தில் அத்தை பிடிவாதம். "இடுக்கெல்லாம் யாரும்மா கழுவுறது?" என்று சொல்லி, வெள்ளிப் பாலாடையைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, துணியில் கவிழ்த்து வைத்துவிட்டார். குழந்தை வைத்தியரும் அதையே சிலாகித்ததால் என் வாதம் அத்துடன் அஸ்தமித்தது.

பீய்ச்சிய பால் அறை உஷ்ணத்தில் 4 மணி நேரம் தாங்கும் என்கிற கணக்கு, நம் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாதாகையால், ஆபீஸ் ஃபிரிட்ஜில் யாருடைய தயிர்சாதத்துக்குப் பக்கத்திலாவது இடம் யாசிக்க வேண்டும்.

50 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைக் காப்பகம் அவசியமென்றும், தாய் தினமும் 4 தடவை போய்வரலாமென்றும் 2017-லேயே சட்டத்தில் திருத்தம் வந்திருக்க, எங்கள் ஆபீஸில் அதற்கென்று காட்டப்பட்ட அறையில் பழைய பிரிண்டர்கள் சயனித்திருக்கின்றன.

உங்கள் ஆபீஸில் காப்பகம் நடக்கிறதா? நடந்தால், நிர்வாகத்திடம் யார், எப்படிப் பேசி வாங்கினீர்கள் என்று சொல்லுங்களேன்.