கரெக்ஷனுக்குக் காசு கிடையாது

ஆடிப்பெருக்கு நெருங்கும்போது சிவகாசி டிசைனர்களிடம் பேச நேரம் கேட்பதே பாவம். அன்றுதான் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதற்குள் முருகனும் லட்சுமியும் புதுப் பின்னணியில் தயாராகியாக வேண்டும்.

நான் பார்க்கப் போன பெண், அச்சகத்தில் சம்பளத்துக்கு இருந்தவர். இப்போது வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரோடு சொந்தமாகத் தொழில் செய்கிறார். காலண்டர் வேலைக்கு நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

“பார்க்கக் கறுப்புதான் சார். ஆனா நாலு கலரும் கலந்த கறுப்பு.”

நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் பொடி எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். அதனால் மற்ற மூன்றையும் எடுத்துவிட்டுக் கறுப்பு மையை மட்டும் நூறு சதவீதம் வைத்தார். வெட்டுக்காக ஓரங்களில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டார். பிறகு எழுத்துகளை ‘கர்வ்ஸ்’ ஆக்கினார், அதாவது வெறும் வடிவங்களாக மாற்றினார். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. அந்த எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், மாப்பிள்ளை பெயர் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். கர்வ்ஸ் ஆக்கிய பின் தட்டச்சில் திருத்த முடியாது என்பதால், திருத்துவதற்கென்று தனி ஃபைல் வைத்திருக்கிறார்.

அந்த ஃபைல் உடனே தேவைப்பட்டது. போனில் பார்ட்டி. “அண்ணாச்சி, நேத்து நீங்க அனுப்புன பேருதானே போட்டிருக்கேன்?” தாத்தா பெயருக்கு முன்னால் இனிஷியல் மாறுகிறதாம். ‘சின்ன’ கரெக்ஷன். ஏற்கெனவே பல முறை மாற்றிய பத்திரிகை அது. கூலி என்னவோ முதலில் பேசியதுதான்.

பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்களில் அவர்கள் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகி வீடுகளுக்குப் போனது. இன்றைய டிசைனர் பெயர் எங்கும் வருவதில்லை. பெயர்கூட வேண்டாம், பணமாவது நேரத்துக்கு வரலாமே!

இதற்குச் சட்டம் இருக்கிறது. அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்ட குறுந்தொழில்காரருக்கு, 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இணையத்திலேயே புகாரும் கொடுக்கலாம். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புகார் கொடுத்துட்டா அடுத்த வேலைய யார் சார் தருவா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அவரே ஒரு வழி வைத்திருக்கிறார். பாதிப் பணம் அட்வான்ஸ். வாட்ஸ்அப்பில் புரூஃபுக்கு ‘ஓகே’ வராமல் ஃபைல் அச்சகத்துக்குப் போகாது. எழுத்துருவுக்கும் திருட்டுப் பிரதி தேடுவதில்லை. கேட்டமரான், மீரா இனிமை, ஹிந்த் மதுரை எல்லாம் வணிக வேலைக்கும் இலவசம். யூனிகோடு என்பதால் வாட்ஸ்அப்பில் வரும் பெயரை அப்படியே எடுத்து ஒட்டலாம். தட்டச்சுப் பிழை குறைந்துவிடும். புதிதாக இறங்குகிறவர்கள் இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் என்ற இரண்டு மென்பொருள்களையும் கற்றுக்கொள்ளலாம், செலவில்லை.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்களையும் இனிஷியலையும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே தடவையில் சரிபார்த்து, எழுத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகும் மாற்றச் சொன்னால் அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.