கரைவாகுச் செவியும் புளூஸ் நரம்பும்

பழந்தமிழிசை நூலார் நரம்பு என்னும் சொல்லை இரு பொருளில் ஆண்டனர். யாழிற் கட்டிய தந்தியும் நரம்பே. அத்தந்தியிற் பிறக்கும் சுரமும் நரம்பே. ஒரு நரம்புக்கும் பிறிதொரு நரம்புக்குமுள்ள தொடர்பினை இணை, கிளை, பகை, நட்பு என நான்காக வகுத்தனர். சுரங்களைத் தனித்தனியே எண்ணி நில்லாது, ஒன்றிலிருந்து ஒன்று எத்துணை விலகி நிற்கின்றது, அவ்விலக்கத்தால் அவை தம்முள் எவ்வாறு உறவாடுகின்றன என்று நோக்கிய நோக்கு அது. தூரத்தை எண்ணாற் குறிப்பதோடு அமையாது, உறவின் பெயராலும் குறித்த நாகரிகம் பெரிதும் வியக்கத்தக்கது. இந்நோக்கினைக் கணித முறையால் ஆராய்ந்து 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) பிறந்த ஊர் காரைதீவு. நூல் வெளிவந்தது அவர் மறைந்த 1947ஆம் ஆண்டிலேயே. கல்முனையை அடுத்த சாய்ந்தமருதிலிருந்து தெற்கே நடந்து செல்லக்கூடிய தூரத்தில் அவ்வூர் உள்ளது.

அந்தச் சாய்ந்தமருதிலே இளைஞன் ஒருவன் கிற்றார் பழகுகிறான். ஈழத்துத் தமிழ்ச் செவிக்குக் கிற்றார் புதிதன்று. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பரப்பிய பொப்பிசைப் பாடல்களில் அது ஒலித்தது. வடக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்பிற் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரின் கொண்டாட்டங்களிலும் அது ஒலித்து வந்துள்ளது. ஆயினும் அங்கெல்லாம் கிற்றார் தாளத்துக்குத் துணைநின்ற கருவியே. அது தனித்து நின்று பேசுவது அரிது. இவ்விளைஞன் விரும்பியதோ அத்தனிப்பேச்சினையே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை ஜாஸ் வழியில் நயம்பட வாசிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

கைப்பேசித் திரையில் விரலிடங்களைக் காட்டும் பாடங்கள் முதலிற் கற்பிப்பது ஐந்து சுரங்கொண்ட ஒரு வரிசையை. கருநாடக இசை அறிந்தோர் அதனைச் சுத்த தன்யாசி என உடனே இனங்காண்பர். அதனோடு மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடைப்பட்ட சுரத்தையும் சேர்த்தால் அது புளூஸ் வரிசையாகிவிடும். விரல்கள் ஓரிடத்தை விட்டு நகராமலே இவ்வாறு சுரங்களையும் ஏற்றியும் இறக்கியும் ஓட்டலாம். அவனும் ஓட்டினான். ஆறு மாதத்தில் வேகம் வந்தது, இசை வரவில்லை. அவனுடைய உம்மா ஒருநாள் அடுக்களையிலிருந்தே கேட்டாராம்: "என்ன மகன், மூச்சு உடாம அடிக்கிறாய்?" பாடநூல்கள் பல பக்கங்களிற் கூறும் குறையை அவ்வம்மையார் ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

குறை இரண்டாகும். ஒன்று, சுரங்களுக்கிடையேயுள்ள தூரம் செவிக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தெரிந்திருந்தமை. மற்றது, எங்கே நிறுத்துவது என்பது அறியாமை.

முதலாவதை முதலில் நோக்கலாம். புளூஸ் பாடலின் அடிப்படைக் கட்டுக்கோப்பு நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு ஆவர்த்தனங்கள். கிற்றார்க்காரர் 'கோட்' என வழங்கும் சுரக்கூட்டுகள் மூன்று அதில் முறையே மாறி வரும். முதல் நான்கு ஆவர்த்தனம் ஆதாரக் கூட்டு. ஐந்தாவதும் ஆறாவதும் மத்திமக் கூட்டு. மீண்டும் இரண்டு ஆதாரம். ஒன்பதாவது பஞ்சமக் கூட்டு. பின்னர் மத்திமத்தின் வழியே ஆதாரத்துக்கு மீளுதல். ஜாஸ் இசைஞர் இதனிடையே வேறு கூட்டுகளையும் நுழைப்பர், எலும்புக்கூடு இதுவே. ஐந்து சுர வரிசையை ஓட்டுபவன் இம்மூன்று கூட்டுகளின் மீதும் ஒரே சுரங்களை வாசித்துச் செல்கிறான். அடியிலே நிலம் மாறுவதை அவன் அறிவதில்லை.

நிலம் மாறுமிடம் எது? ஆதாரக் கூட்டில் ஒலிப்பவை சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். மத்திமக் கூட்டில் ஒலிப்பவை மத்திமம், சதுச்ருதி தைவதம், சட்ஜம், சாதாரண காந்தாரம். ஐந்தாம் ஆவர்த்தனம் பிறக்கும் கணத்தில் அந்தர காந்தாரம் ஓர் அரைச்சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரமாகிறது. கைசிகி நிஷாதமும் அவ்வாறே இறங்கித் தைவதமாகிறது. காந்தாரம் இவ்வாறு நிறம் மாறும் அவ்வொரு கணத்தைக் காதாற் பிடிப்பவனே புளூஸின் உள்ளே நுழைந்தவன் ஆவான்.

வியப்பு யாதெனில், இவ்விரு சுரங்களுக்கும் இடையேயுள்ள தூரம் சரியாக ஆறு அரைச்சுரம். அதாவது ஸ்தாயியின் நேர்பாதி. ஐரோப்பிய இசையிலக்கணம் நெடுங்காலம் அமைதியற்றது எனக் கருதி, தோன்றியவுடன் தீர்த்துவைக்க வேண்டும் என விதித்த இடைவெளி இது. புளூஸ் அதனைத் தீர்த்துவைப்பதில்லை, அதிலேயே குடியிருக்கிறது. ஏ சுருதியில் வாசிக்கும்போது நான்காந் தந்தியின் 5ஆம் மெட்டிலும் மூன்றாந் தந்தியின் 6ஆம் மெட்டிலும் இரு விரல்களை வைத்தால் ஆதாரக் கூட்டின் உயிர் ஒலிக்கும். அவ்விரு விரல்களையும் ஒரு மெட்டு கீழிறக்கினால் மத்திமக் கூட்டு. முதலிடத்திலிருந்து ஒரு மெட்டு மேலேற்றினாற் பஞ்சமக் கூட்டு. பன்னிரண்டு ஆவர்த்தனம் முழுவதும் இரண்டு விரல்களுள் அடங்கிவிடுகிறது. இளைஞன் ஒரு மாதம் இதனை மட்டுமே செய்தான். ஆயினும் வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அச்சுரத்தை வாயாற் பாடினான். வாய் தவறிய இடத்தில் விரலும் குருட்டாம்போக்கிற் சென்றது என்பது அப்போதுதான் அவனுக்குப் புலப்பட்டது.

அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவே, எந்த மெட்டிலும் அகப்படாத ஒரு காந்தாரமும் உண்டு. புளூஸ் பாடகரின் தொண்டையில் வாழ்வது அதுவே. கிற்றாரில் அதனைப் பெறத் தந்தியை விரலாற் பக்கவாட்டில் தள்ளி வளைக்க வேண்டும். டபிள்யூ. சி. ஹண்டி என்னும் இசையமைப்பாளர், 1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்துப் புகையிரத நிலையமொன்றில், ஏழை ஒருவன் கத்தியைத் தந்திமீது தேய்த்துக் கிற்றார் வாசித்ததைக் கேட்டதாக எழுதியுள்ளார். கத்தி தேடியதும் மெட்டுக்களுக்கு இடைப்பட்ட அவ்விடங்களையே. பின்னாளில் பி. பி. கிங் (1925–2015) தம் உறவினரான புக்கா வைற்றின் வழுக்கு வாசிப்பைக் கைவிரலால் ஒப்பிக்க முயன்றே தமக்கேயுரிய நடுக்கொலியைக் கண்டடைந்தார். கமகத்திற் பழகிய செவிக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

இனி நிறுத்தல் பற்றி. புளூஸ் பாட்டின் ஒரு கண்ணி பொதுவாக மூன்று அடி. முதலடி மறுபடியும் பாடப்படும். மூன்றாமடி அதற்கு விடையாக அமையும். ஒவ்வோர் அடிக்கும் நான்கு ஆவர்த்தனம் உண்டு. ஆனாற் பாடகன் எடுத்துக்கொள்வது ஏறக்குறையப் பாதியே. எஞ்சிய பாதி கருவி விடையிறுப்பதற்காக விடப்பட்ட வெளி. பி. பி. கிங் பாடும்போது வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை. 1964இற் சிக்காகோ றீகல் அரங்கிற் பதிவான அவரது நிகழ்ச்சியைக் கேட்போர், ஒரே மனிதனின் இரு குரல்கள் மாறி மாறி உரையாடுவதை உணர்வர்.

இவ்வொழுங்கு கல்முனைக் கரைக்கு அந்நியமன்று. வயற் காவற்பரணில் ஒருவர் நான்கடிக் கவியை நீட்டிப் பாடி நிறுத்த, மற்றொருவர் எதிர்க்கவி பாடும் வழக்கினைக் கிழக்கிலங்கை முதியோர் அறிவர். மச்சானும் மச்சியும் வினாவும் விடையுமாய்ப் பேசும் அக்கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதலானோர் தேடித் தொகுத்துள்ளனர். கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற காலத்தில் றபான் அடித்துப் பாடும் பக்கீர்மாரிடத்தும் தலைவர் ஓரடி பாட ஏனையோர் ஏற்பதே முறை. இவையெல்லாவற்றுக்கும் மேலாக நாள்தோறும் ஐந்து வேளை ஊர் முழுதும் கேட்கும் பாங்கொலி உண்டு. பாங்கு இசையன்று, வணக்கத்துக்கான அழைப்பு. அதனை இசையென எண்ணி ஒப்பிடுதல் தகாது. ஆயினும் முஅத்தின் ஒவ்வொரு தொடரையும் முடித்து மௌனமாக நிற்கும் இடைவெளியிற் கேட்போர் அத்தொடரை மெல்லத் தம் வாயாற் சொல்லிக்கொள்கின்றனர் என்பது கருதற்பாலது. அம்மௌனம் வெறுமையன்று, கேட்பவனுக்கு உரிய இடம். குர்ஆன் மத்ரஸாவில் எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது, எவ்விடத்தில் மூச்சை எடுப்பது எனச் சிறுபருவத்திலே பழகிய பிள்ளை, சொற்றொடரின் இலக்கணத்தைப் பெயர் அறியாமலே கற்றுவிடுகிறான்.

இங்கே வரலாறு ஒரு கதவினைத் திறக்கிறது. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மேற்கு ஆபிரிக்கருட் கணிசமானோர் முஸ்லிம்கள். இன்றைய செனகல் நாட்டுப் பகுதியிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட உமர் இப்னு ஸயீத் என்பவர், வட கரோலினாவில் அடிமையாயிருந்தபடியே 1831இல் தம் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதினார். தென் கரோலினாவில் 1739இன் அடிமைக் கிளர்ச்சிக்குப் பின், 1740இன் சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது. முரசு போயிற்று, தொண்டையும் தந்தியும் எஞ்சின. ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக், புளூஸ் பாடகரின் ஒரே மூச்சில் அலையலையாய் இறங்கும் குரலியல்பை மேற்கு ஆபிரிக்கப் புல்வெளி நாடுகளின் அரபு–இஸ்லாமியச் செல்வாக்குற்ற பாடல் முறையோடு தொடர்புபடுத்துகிறார். சில்வியான் டியூஃப் வயல்வெளி விளிப்பாடல்களுக்கும் பாங்கொலிக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டிக்காட்டியுள்ளார். இவ்வொப்புமையைக் கொண்டு புளூஸின் பிறப்பு முழுவதையும் விளக்கிவிடலாம் என்பது மிகையாகும். அவ்விசை பல ஊற்றுக்களால் ஆனது. ஆனாற் சாய்ந்தமருது இளைஞன் அவ்வயல்வெளிப் பாடல்களை முதன்முறை கேட்டபோது, மொழி விளங்காத போதும் குரல் எங்கே இறங்கி எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தான் என்பது பொய்யன்று.

நரம்பிசைக் கருவி ஆகுமா ஆகாதா என்னும் வாதம் இக்கரையில் ஓய்ந்த ஒன்றன்று. அதனைத் தீர்க்கும் தகுதி இக்கட்டுரைக்கு இல்லை. அவனுடைய வாப்பா தடுக்கவில்லை, மகிழவுமில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் நடுவே, அயலாருக்குத் தொல்லையின்றி, வணக்க வேளைகளிற் கருவியைத் தொடாது பழக வேண்டும் என்பதே வீட்டில் ஏற்பட்ட உடன்பாடு. ஆகவே அவன் மீட்டுதகட்டை விடுத்துப் பெருவிரலின் சதையால் மெல்ல வாசிக்கத் தொடங்கினான். இன்டியானாபொலிஸ் நகரத்து வெஸ் மொன்ற்கோமரியும் (1923–1968) பகலிற் கூலிவேலை செய்து இரவிற் பழகியவர். ஒலி பிறருக்குத் தொல்லையாயிற்று என்றே அவரும் பெருவிரலுக்கு மாறினார். உலகம் பின்னர் போற்றிய அவரது கனிந்த நாதம் அந்த இடர்ப்பாட்டிற் பிறந்தது. சார்ளி கிறிஸ்ரியனின் வாசிப்புகளைச் செவியாலேயே பாடமாக்கித் தொடங்கியவர் அவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பெருவிரல் வேகத்தைக் குறைத்தது. குறைந்த வேகம் தெரிவினைக் கட்டாயமாக்கியது. மூன்று சுரங்கள் மட்டும் கொண்டு ஒரு முழுச்சுற்று வாசிப்பது, ஒரு தொடரை வாசித்தபின் அதேயளவு காலம் கையெடுத்திருப்பது, அடுத்த தொடரை முந்தியதன் கடைசிச் சுரத்திலிருந்தே தொடங்குவது எனத் தனக்குத்தானே விதிகளை அமைத்துக்கொண்டான். இக்காலத்தில் அவன் அதிகம் கேட்டவை இரண்டு இசைத்தட்டுகள். ஒன்று, பியானோவை அறவே விலக்கிக் கிற்றாருக்கு வெளி வகுத்த கெனி பரலின் 'மிட்நைற் புளூ' (1963). மற்றது கிற்றாரே இல்லாதது: இஸ்லாத்தை ஏற்றுப் பெயர் மாற்றிக்கொண்ட பியானோக் கலைஞர் அஹ்மத் ஜமால் (1930–2023) 1958இற் சிக்காகோவிற் பதிவுசெய்த நிகழ்ச்சி. மைல்ஸ் டேவிஸ் வியந்து பின்பற்றியது ஜமால் வாசித்த சுரங்களை விட, அவர் வாசியாது விட்ட இடங்களையே எனலாம்.

இப்பொழுது நான்காம் ஆவர்த்தனத்தின் பிற்பாதியை அவன் வெறுமையாக விடுகிறான். ஐந்தாவது பிறக்கும்போது ஒரேயொரு சாதாரண காந்தாரத்தைப் பெருவிரலால் வைக்கிறான். அது விழுமிடம் பெரும்பாலும் சரியாகவே உள்ளது. பதினோராம், பன்னிரண்டாம் ஆவர்த்தனங்கள்தாம் இன்னும் வசப்படவில்லை. சுற்று முடிந்து மறுசுற்றுக்குத் திரும்பும் அவ்விடத்தில் ஜாஸ் இசைஞர் இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு கூட்டாக மாற்றுவர். அங்கே அவன் பழைய ஓட்டத்துக்கே போய்விடுகிறான். அடுக்களையிற் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்கிறது.