புறப்படாத படகு

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குச் செல்லாதிருப்பது எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையின் நெடுநாளைய வழக்கம். சனிக்கிழமை இரவு கரை சேர்ந்த விசைப்படகுகள் திங்கட்கிழமை விடியற்காலையில்தான் மீண்டும் புறப்படும். ஆகவே, படகு எஞ்சின்களின் மின்வேலை பார்த்து வரும் என்னைப் போன்றோருக்கு வாரத்தின் பரபரப்பான பொழுது அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையே ஆகும். ஒரு நாள் முழுவதும் ஓய்ந்து கிடந்த எஞ்சின்களில் ஒன்றிரண்டேனும் அன்று கிளம்ப மறுக்கும். ஆண்டுக்கொருமுறை இதைவிடப் பெரிய சோதனையும் வரும். 2017 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து படகுகள் புறப்படும் நாளில் எத்தனை எஞ்சின்கள் மௌனம் சாதிக்கின்றன என்பதைத் துறைமுகத்தில் நிற்போர் அறிவர்.

இது மெக்கானிக்கின் கவலை மட்டுமன்று. படகில் ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் நிரப்பியாயிற்று, ஆட்களும் வந்துவிட்டார்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன்பாட்டில் கிடைக்கும் பங்குதான் கூலி. படகு புறப்படவில்லையெனில், அன்று அத்தனை குடும்பங்களுக்கும் வருமானமில்லை. அந்த அவசரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பேட்டரி போச்சு" என்பார் ஒருவர். "செல்ஃப் மோட்டாரை மாத்து" என்பார் மற்றொருவர். பல ஆயிரம் ரூபாய் கைமாறும். ஆனால் பல வேளைகளில் குற்றம் அந்த விலையுயர்ந்த பொருள்களில் இருப்பதில்லை. இரண்டு உலோகங்கள் சந்திக்கும் ஏதோ ஒரு சிறிய மூட்டில், பச்சை பூத்த ஒரு போல்ட்டின் அடியில் ஒளிந்திருக்கும். இந்த ஓர் உண்மையை எங்கள் கடற்கரைக் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டீசல் எஞ்சினுக்குள் தீப்பொறி தேவையில்லை. காற்றை அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. நம் படகுகளில் உள்ள பழைய வகை எஞ்சின்கள் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், மின்சாரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த முதல் சுழற்சியைக் கொடுப்பதற்குத்தான் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வேண்டும். மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, மெயின் சுவிட்ச், தடித்த கம்பி, சொலினாய்டு, செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைக் கடந்து, எஞ்சினின் உடல் வழியாகவும் எர்த் கம்பி வழியாகவும் பேட்டரிக்கே திரும்புகிறது. திருநாளன்று சப்பரம் கோயிலிலிருந்து புறப்பட்டு, வீதிகளைச் சுற்றிக் கோயிலுக்கே திரும்புவது போன்றது இது. எந்த ஒரு சந்தில் அடைப்பு ஏற்பட்டாலும் பவனி நின்றுவிடும். போகும் வீதியைப் பார்ப்போர் பலர்; திரும்பும் வீதியைப் பார்ப்போர் சிலரே.

எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லும். நாம் செவிகொடுக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஒரு சத்தமுமில்லை, பலகையிலுள்ள சிறு விளக்கும் எரியவில்லை என்றால், மெயின் சுவிட்ச், பியூஸ், பேட்டரி முனைகள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறது, ஆனால் சத்தமில்லை என்றால், சாவி சுவிட்சையும் அதிலிருந்து சொலினாய்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பியையும் ஐயுற வேண்டும். சில எஞ்சின்களில் கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் மின்சாரத்தைத் தடுக்கும் சுவிட்சும் உண்டு. 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்துக்கொண்டால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது அதன் முனை தளர்ந்திருக்கிறது. சொலினாய்டு இழுக்கிறது, உடனே வோல்ட் விழுகிறது, அது விட்டுவிடுகிறது, மீண்டும் இழுக்கிறது. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு அடங்கினால், தடித்த கம்பியின் மூட்டிலோ, சொலினாய்டின் உள்முனையிலோ, மோட்டாரின் கார்பனிலோ கோளாறு இருக்கலாம். எஞ்சினே இறுகிப்போயிருக்கவும் கூடும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால், பெரும்பாலும் அது டீசலில் காற்று நுழைந்ததாலோ வடிகட்டி அடைத்ததாலோ நேர்ந்ததாகும். ஆனால் டீசலை நிறுத்தும் மின்வால்வு பொருத்திய எஞ்சின்களில், அதன் பியூஸ் போயிருந்தாலும் இதே நிலைதான்.

அடுத்தது அளவை. பேட்டரியைச் சார்ஜிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், 12.6 வோல்ட் காட்டுவது நிறைந்த பேட்டரி, 12.2 என்பது ஏறத்தாழப் பாதி. 12-க்கும் கீழ் போனதை நம்பிக் கடலுக்குச் செல்லலாகாது. சாவியைத் திருப்பும் நேரத்தில் அது 9.6-க்கும் கீழே சரிந்தால், பேட்டரி தளர்ந்திருக்கிறது என்றோ மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது என்றோ கொள்ளலாம். பெரிய படகுகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அங்கே இவ்விலக்கங்களை இருமடங்காகக் கொள்ள வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. சிறு பல்பு ஒன்றைக் கம்பியில் தொட்டுப் பார்த்து, "கரண்டு வருது" என்று கூறிவிடுவார்கள். பல்பு கேட்பது ஓர் ஆம்பியர். செல்ஃப் மோட்டார் கேட்பதோ முந்நூறு ஆம்பியர் வரை. ஒரு மூட்டில் நூற்றிலொரு பங்கு ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். பல்புக்கு அதில் இழப்பாவது நூற்றிலொரு வோல்ட்; அது பளிச்சென்று எரியும். முந்நூறு ஆம்பியர் கேட்கும் மோட்டாருக்கோ அங்கே மூன்று வோல்ட் போய்விடும். மிஞ்சிய ஒன்பது வோல்ட்டில் மோட்டார் முனகுமேயன்றிச் சுழலாது. ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் 1827-இல் வெளியிட்ட விதி இதுவே.

சில ஆண்டுகளுக்குமுன் படகுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு வாரமாக எஞ்சின் அடம் பிடித்திருக்கிறது. புது பேட்டரி போட்டும் பயனில்லை. இனிச் செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வீட்டுல இருக்க நகையத்தான் வைக்கணும் அண்ணாச்சி" என்றார். "அவசரப்படாதீங்க தம்பி, முதல்ல படகப் பார்ப்போம்" என்று சொல்லிச் சென்றேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் வெற்றிரும்பிலும் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில், முள் இரண்டு வோல்ட்டைத் தாண்டி நின்றது. திரும்பும் வீதியில் அடைப்பு! எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றினோம். மேலே பெயிண்டு, அடியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முழங்கியது. அந்த நகை வீட்டிலேயே இருந்தது.

இத்தகைய களிம்பு படகில் மட்டும் ஏன் இவ்வளவு விரைவாகப் படர்கிறது? இத்தாலி நாட்டு அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1800-இல் உலகுக்கு அறிவித்த முதல் மின்கலத்தை நினைத்துப் பாருங்கள். துத்தநாக வட்டு, வெள்ளி வட்டு, நடுவே உப்புநீரில் தோய்த்த துணி; இவற்றை அடுக்கடுக்காக வைத்தே அவர் மின்சாரம் பெற்றார். நம் படகிலோ செம்புக் கம்பி, இரும்பு போல்ட், நடுவே கடல்நீர்! நாம் கேளாமலே அங்கு ஒரு சிறு மின்கலம் அமைந்து, இரும்பை இராப்பகலாக அரித்துக்கொண்டிருக்கிறது. அதோடு உப்புக்காற்று செம்பையும் பச்சையாக்குகிறது. வோல்ட்டாவுக்கு உதவிய அதே உப்புநீர்தான் நம் மூட்டுகளைத் தின்கிறது. ஆகையால், படகுக்கு ஈயம் பூசிய செம்பிழைக் கம்பிகளை வாங்குவது நன்று. மூட்டுகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் இறுக்கும் வழக்கமும் வேண்டும்.

நாட்டுப்படகுகளில் கயிறு இழுத்துக் கிளப்பும் வெளிப்பொருத்து எஞ்சின்களின் கதை வேறு. அவற்றுக்குத் தீப்பொறி வேண்டும். அந்தப் பொறியை எஞ்சினின் காந்தச் சக்கரமே உண்டாக்குகிறது. பொறி வராவிட்டால், முதலில் நிறுத்தும் சுவிட்சின் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஸ்பார்க் பிளக் நனைந்தோ கரி படிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் கம்பியின் மேலுறை தேய்ந்து எஞ்சினின் உடலில் பட்டாலும் பொறி செத்துவிடும். அக்கம்பியைக் கழற்றிவிட்டு இழுத்ததும் எஞ்சின் கிளம்பினால் குற்றவாளி அகப்பட்டான். ஆனால் அக்கம்பி இல்லாமல் கடலுக்குச் செல்லாதீர்கள். ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுவே.

கரையில் எஞ்சின் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். நடுக்கடலில் நின்றால் போவது என்னவென்று எவரால் சொல்ல முடியும்? எஞ்சின் ஓடாத படகு, காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் செல்லும். 1974, 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு தண்ணீரில் எழுதப்பட்டிருக்கவில்லை. மிதந்து செல்லும் படகு அதை அறியாது. ஆகவே, கோளாற்றைத் தேடுமுன் நங்கூரம் நிற்கும் ஆழமாயின் அதைப் போடுங்கள். வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் அருகிலுள்ள படகுகளுக்கு நிலைமையைச் சொல்லுங்கள். அலைபேசி எட்டும் தொலைவாயின் கடலோரக் காவல்படையின் எண் 1554. இதில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. வயர்லெஸ்ஸுக்கும் விளக்குக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் ஒரே பேட்டரி இருந்தால், எஞ்சினைக் கிளப்ப முயன்று முயன்றே உதவி கேட்கும் குரலையும் நாம் இழந்துவிடுவோம். வயர்லெஸ்ஸுக்கென்று தனியாக ஒரு பேட்டரி வைப்பது ஆடம்பரமன்று, அது உயிர்க்காப்பு.

வேலை செய்வோர்க்குச் சில எச்சரிக்கைகளையும் கூறுதல் கடமை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அருகில் பீடி கூடாது. கழற்றும்போது மைனஸ் கம்பியை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு உண்டாகும். ஆதலால் அதை உயரமான, காற்றோட்டமுள்ள இடத்தில் கட்டி வையுங்கள். உள்ளே ஊற்றத்தக்கது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

சனிக்கிழமை படகு கரை சேர்ந்ததும் கால் மணி நேரம் ஒதுக்க முடியாதா? மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அதை மறந்ததால் ஞாயிறு முழுவதும் எரிந்த ஒரு விளக்கே பேட்டரியைக் குடித்துவிடும். அடுக்களையிலுள்ள ஆப்பச்சோடாவில் ஒரு கரண்டியைத் தண்ணீரில் கரைத்து, மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துப் பேட்டரி முனைகளைக் கழுவுங்கள். துடைத்து உலர்த்தி, இறுக்கி, வாசலின் தடவுங்கள். வளர்ந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காட்டுங்கள். வோல்ட் அளவை ஒரு நோட்டில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். வாரந்தோறும் எழுதினால், பேட்டரி தளர்வது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பெரிய பழுதுகள் ஒரே நாளில் பிறப்பதில்லை. கவனியாது விட்ட சிறு தளர்ச்சியும் துடையாது விட்ட சிறு களிம்புமே வளர்ந்து ஒரு படகை நிறுத்துகின்றன. கடலுக்குச் செல்பவர் திரும்பி வரும்வரை கரையில் காத்திருப்போரின் மனம் படும் பாட்டை நம் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்காகவேனும், புறப்படுமுன் ஒருமுறை அந்த போல்ட்டுகளைத் தொட்டு, இறுக்கிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.