பின்கதவில் ஒரு கோடு

மாதம் ஒரு தடவை நானும் மனைவியும் மாமல்லபுரம் போய்வருவது வழக்கம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர் சொச்சம். கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சுண்டல் தின்று, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். சென்ற மாதம் அப்படிப் போனபோதுதான் இது நடந்தது.

ஐந்து ரதம் பக்கம் ஒரு சிற்பப் பட்டறை ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தேன். அவள் எதிர்ப்பக்கம் நுங்கு வாங்கப் போயிருந்தாள். வண்டியைத் திருப்பி வைக்கலாம் என்று ரிவர்ஸ் எடுத்தேன். இடது பக்கம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், செதுக்காமல் கிடந்த ஒரு கருங்கல் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்திருந்தது.

சத்தம் கேட்டு வந்த சிற்பி முதலில் கல்லைத்தான் தடவிப் பார்த்தார். "கல்லுக்கு ஒண்ணும் ஆவல சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேய்ச்சா போயிடும். கரடுல ஆரம்பிச்சு நைஸுக்கு வாங்க. நடுவுல ஒரு நம்பரைத் தாண்டினீங்கன்னா அந்தக் கோடு கடைசி வரைக்கும் நிக்கும். நாங்க கல்லு பாலிஷ் போடறதும் அப்படித்தான்" என்றார்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் ஏறுவது இடது முன்கதவு, கோடு விழுந்தது இடது பின்கதவு. பார்க்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். காரணம் இருக்கிறது. பெங்களூரிலிருக்கும் மகன் ஒரு வருடமாக, "அப்பா, எழுபத்தொண்ணு ஆச்சு, வண்டியை வித்துடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தக் கோடு அவன் காதுக்குப் போனால் வேறு சாட்சியே வேண்டாம்.

வண்டி ஃபோர்டு ஃபிகோ. 2012-ல் கருவூலத்திலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. செங்கல்பட்டில் தாம்பரம் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மறைமலைநகர், அங்கேதான் பிறந்தது. நம்ம ஊர்ப் பெண் என்று அப்போது வீட்டில் சொல்லிச் சிரிப்போம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. அடுத்த வருடம் மறைமலைநகரில் உற்பத்தி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்த வண்டி மேல் எனக்குப் பாசம் கூடிப்போனது உண்மை.

பட்டறையில் கேட்டேன். கதவு முழுக்க அடிக்கணும், 4,500 ரூபாய், மூன்று நாள் வண்டியை விடணும் என்றார்கள். மூன்று நாள் வண்டி இல்லாததற்கு வீட்டில் என்ன சொல்வது? அதனால் நானே இறங்கினேன். மனைவி காலையில் கோயிலுக்குப் போகும் ஒரு மணி நேரம்தான் என் வேலை நேரம்.

கம்பெனியில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியில் கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் என்று அடுக்கடுக்காக அடிக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தும் நாம் எழுதும் தாளின் கனம்தான் இருக்கும். கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். நகம் மாட்டாமல் வழுக்கினால் மேல் வார்னிஷ் மட்டும்தான் போயிருக்கிறது, ரப்பிங் காம்பவுண்டே போதும். என் கோட்டில் முக்கால்வாசி அப்படித்தான். ஒரே இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தகடு தெரிந்தது. மூன்றாம் நாளே அங்கே பழுப்பாகத் துரு கட்ட ஆரம்பித்திருந்தது.

கடற்கரை உப்பு செய்யும் வேலை அது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால் உள்ளுக்குள் துரு பிடித்து ஒரு நாள் கொப்பளித்துக் கிளம்பும். கடற்கரைக் கோயிலிலேயே தொல்லியல் துறையினர் கல்லின் மேல் காகிதக் கூழை அப்பி, அது காயும்போது கல்லுக்குள் ஊறிய உப்பை இழுத்து எடுக்கிறார்கள். ராஜசிம்மன் கட்டிய கோயிலுக்கே அந்தக் கதி என்றால் என் ஃபிகோ எம்மாத்திரம்? நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவித் துடைத்து நன்றாகக் காயவிட்டேன்.

சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் துருவை எடுத்து, 800-ல் ஓரங்களை மழுப்பினேன். உப்புத்தாள் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பெயர் அன்றைக்கு எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. மறுநாள் பிரைமர். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் கலர் நம்பர் இருக்கும். அதைக் கடையில் காட்டிச் சின்ன பாட்டிலில் கலந்து வாங்கி வந்திருந்தேன்.

இங்கேதான் அவசரப்பட்டேன். மெல்லிசாக மூன்று தடவை, நடுவில் அரை மணி காயவிட்டுப் பூச வேண்டியதை, கோயிலிலிருந்து அவள் வந்துவிடுவாளே என்று ஒரே பூச்சாக அப்பினேன். வழிந்து கண்ணீர்த் துளி மாதிரி நின்றது. தின்னர் தொட்டு அத்தனையையும் துடைத்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து.

இரண்டாம் முறை பொறுமையாகச் செய்தேன். நிறம், மேலே வார்னிஷ், ஒரு வாரம் விட்டு 2000 நம்பர் தாளில் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு முடித்தேன். சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் குனிந்து ஓரத்தைச் சோதிக்கும்போது, கூச்சத்துக்காக வலது கண்ணை மூடினேன். வெள்ளி நிறக் கதவு முழுக்க லேசாக டீ ஊற்றினது போல மஞ்சளாக இருந்தது. இடது கண்ணை மூடினேன். வெள்ளி. மாற்றி மாற்றி நாலைந்து தடவை பார்த்தேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கல் இருந்ததும் இடது பக்கம்தானே.

அவள் அர்ச்சனைத் தட்டோடு வந்து நின்றாள். "திட்டு தனியாத் தெரியுதுங்க" என்றாள். மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். மெஷினில் பீய்ச்சும்போது படிகிற மாதிரி பிரஷ்ஷில் படியாது. அதை விளக்க ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும். அன்னைக்கு நுங்குக்காரன்கிட்ட நிக்கும்போதே பார்த்துட்டேன். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

கண் விஷயத்தைச் சொன்னேன். மறுவார்த்தை பேசாமல் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

இடது கண்ணில் புரை. முற்றுகிற பதம் என்றார் டாக்டர். ஆபரேஷன் அடுத்த புதன்கிழமை. மகனிடம் நானே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணு சரியானதும் பேசிக்கலாம்பா" என்றான். வண்டிச் சாவி இப்போது அவளுடைய கைப்பையில் இருக்கிறது. மீதிப் பெயிண்டை மூடி இறுக்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். கட்டு அவிழ்த்த பிறகு அந்தத் திட்டை இன்னொரு கை பார்க்க வேண்டும்.