ஆற்றைப் பார்த்த பக்கம் சுவர் இல்லை

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், வில்மிங்டன் நகரை ஒட்டிப் போகிறது பிராண்டிவைன். ஆறு என்று சொன்னாலும் பல இடங்களில் பாறைகளுக்கு நடுவே சலசலக்கும் ஓடைதான். பிலடெல்பியாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கரையோரம் நடந்தால் வரிசையாகக் கல் கட்டடங்கள் வரும். மூன்று பக்கம் கோட்டை மாதிரி தடித்த சுவர். ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கம் மட்டும் திறந்து கிடக்கும்.

இடிந்துபோய்விட்டதோ என்று தோன்றும். இல்லை. கட்டும்போதே அந்தப் பக்கத்தையும் கூரையையும் லேசான மரத்தில்தான் அமைத்தார்கள். இது 1802-ல் எலூத்தர் இரனே டூபாண்ட் தொடங்கிய வெடிமருந்து ஆலை. உள்ளே மருந்து வெடித்தால் மரப்பக்கம் மட்டும் பிய்த்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும். பக்கத்து ஆலை தப்பிக்கும். வெடிக்கவே வெடிக்காது என்று யாரும் நம்பவில்லை. வெடித்தால் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். இறந்துபோன தொழிலாளியை ‘ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்’ என்று சொல்வது அங்கே வழக்கம்.

டூபாண்ட் பிரான்சில் லவாய்சியரிடம் தொழில் கற்றவர். மருந்துக்கு மூன்றே பொருள்: வெடியுப்பு, கந்தகம், மரக்கரி. கரிக்கு வில்லோ மரம் கரையிலேயே கிடைத்தது. வெடியுப்பு மட்டும் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தது. அமெரிக்கத் துப்பாக்கிகளுக்குள் நம் நாட்டு மண்ணில் விளைந்த உப்பு! 1857-ல் அதே குடும்பத்தின் லாமோட் டூபாண்ட், தென் அமெரிக்க உப்பை வைத்து மருந்து செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது.

இந்த மூன்றையும் பெரிய இரும்புச் சக்கரங்களுக்கு அடியில் போட்டு அரைப்பார்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்பார்கள். சக்கரம் சுற்றும்போது ஆள் உள்ளே நிற்பதில்லை. தீக்குச்சிக்குத் தடை. செருப்பில் இரும்பு ஆணி கூடாது, மரமுளைதான். ஒரே ஒரு பொறி போதும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்படி இருந்தும் 119 வருஷத்தில் 288 வெடிப்புகள், 228 உயிர்கள். 1818 மார்ச்சில் ஒரே நாளில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலாளியின் மனைவி சோஃபியும் அதில் காயம்பட்டார். ஏனென்றால் முதலாளி வீடும் ஆலைக்கு மேலேயே இருக்கிறது. இந்த ஊரில் மனதில் நிற்கிற விஷயம் இதுதான். ஆபத்தைத் தொழிலாளிகளிடம் விட்டுவிட்டு அவர் தூரத்து நகரத்தில் போய் உட்காரவில்லை. அதற்காக எல்லாம் சரியாகிவிடாது. சக்கரத்துக்குப் பக்கத்தில் போனவர்கள் தொழிலாளிகள்தான். மேட்டில் அவர்கள் குடியிருந்த வீடுகளும், பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்ற ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும் இன்றும் இருக்கின்றன. 1921-ல் ஆலை மூடப்பட்டது. இப்போது இது ஹேக்லி அருங்காட்சியகம்.

டூபாண்ட் உருவாக்கிய ‘ஐ.எம்.ஆர்.’ என்ற புகையில்லா மருந்து வகையின் பெயர் இன்றும் அமெரிக்கக் கடைகளில் டப்பாவில் வருகிறது. வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கும் போகிறவர்கள் பலர், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை எடுத்துவந்து, வீட்டு கராஜில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வார்கள். அங்கே அது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. நம் நாட்டில் உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அந்த கராஜ் மேஜையைப் பார்த்தால் பிராண்டிவைன் கரையின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கும். தடித்த பலகை, மேலே இரும்புத் தகடு, கால்கள் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தும்போது மேஜை ஆடினால் பக்கத்தில் இருக்கும் தராசும் ஆடும். மருந்தின் எடை தப்பும். எடை தப்பினால் துப்பாக்கியே கையில் வெடிக்கலாம்.

ஆலையில் ஆணிக்குக்கூடத் தடை. இங்கே மேஜை முழுக்க இரும்பா? மரத்தின் இடுக்கில் மருந்துத் துகள் தங்கிவிடும். தகட்டில் சிந்தினால் உடனே கண்ணில் படும், பிரஷ்ஷால் கூட்டி எடுத்துவிடலாம். வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது, அதன் மோட்டார் பொறியே தீயாகிவிடும். தகட்டிலிருந்து ஒரு கம்பியை எர்த் செய்துவிட்டால் உடம்பில் சேரும் நிலைமின்சாரமும் இறங்கிவிடும். ஆனால் தகட்டின் மேல் சுத்தியலோ தட்டலோ கிடையாது. தோட்டாவின் பின்பக்கம் பொருத்தும் பிரைமர், நசுங்கினாலே வெடிக்கும். மேஜை மேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம்.

மிச்ச மருந்தை எங்கே வைப்பது? இரும்புப் பெட்டியில் பூட்டினால் பத்திரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது. இறுக மூடிய இரும்புக்குள் தீப்பிடித்தால் பெட்டியே குண்டாகிவிடும். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கம் சொல்லும் வழி, எளிதில் வெப்பம் கடத்தாத பலகைப் பெட்டி. அதில் ஒரு பக்கமோ மூட்டோ வேண்டுமென்றே பலவீனமாக இருக்க வேண்டும், அழுத்தம் அந்த வழியாக வெளியேறிவிடும். கராஜில் ஆறு இல்லாததால், அந்தப் பக்கம் ஆள் நிற்காத வெற்றுச் சுவரைப் பார்த்து இருந்தால் நல்லது.