ஓரெழுத்தால் அழிந்த ஏடு

எழுதுவது ஒரு கலை. எழுதியதைக் காப்பது ஓர் அறம். முன்னதை நமக்குக் கற்பித்த ஆசான்கள் பலர். பின்னதைக் கற்பித்ததோ நாம் செய்த ஒரு பிழை. தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி மொழியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அப்பிழை நிகழ்ந்தது தமிழ் நூல்களின் பட்டியலில். அதனால் இழந்தது ஒரு தமிழ்ப் பெரியாரின் நினைவுகளை. ஆதலின் இம்மலரே அதனைச் சொல்லுதற்குரிய இடம் எனக் கருதுகிறோம்.

அது 1996ஆம் ஆண்டு. முதுகலைத் தமிழ் பயின்றுகொண்டே மாலை வேளைகளில் கணிப்பொறிச் சான்றிதழ் வகுப்புக்கும் சென்றுவந்தோம். காலணிகளை வெளியே கழற்றி வைத்துவிட்டுக் குளிரூட்டப்பட்ட அறைக்குள் நுழைந்து, ஒரு பொறிக்கு மூவராக அமர்ந்து, ‘டர்போ சி’ மென்பொருளின் துணையுடன் ‘சி’ மொழியைக் கற்றோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்னும் அறிஞர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி அது. 1989ஆம் ஆண்டுத் தரத்தின்படி அதன் அடிப்படைச் சொற்கள் 32 மட்டுமே. குறள் வெண்பாவில் தோய்ந்திருந்த நமக்கு அச்சுருக்கம் பெரிதும் பிடித்துப்போயிற்று.

அவ்வாண்டில்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் நூல்கள் 214ஐத் துறைக்கு நன்கொடையாக அளித்தார். வயது எண்பதைக் கடந்தவர். கண்புரையால் எழுத்துகள் அவருக்கு மங்கிவிட்டன. ஆயினும் நூலைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தே இன்ன நூல் எனக் கூறுவார். பெயரை மட்டுமா கூறுவார்? அந்நூல் தமக்கு வந்த வரலாற்றையும் கூறுவார். கொழும்பில் வணிகம் செய்த மாமனார் கப்பலில் கொண்டுவந்து தந்தது ஒன்று. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது மற்றொன்று. மாணவர் ஒருவர் அழுதுகொண்டே திருப்பித் தந்தது வேறொன்று. நாம் அவர் திண்ணையில் அமர்ந்து அவற்றைத் துண்டுச் சீட்டுகளில் குறித்துக்கொள்வோம்; மாலையில் கணிப்பொறியில் ஏற்றுவோம்; ஏற்றிய சீட்டுகளைக் குப்பைக் கூடையில் இடுவோம். பொறியில் ஏறியபின் தாள் எதற்கு என்பது நம் இளமையின் செருக்கு.

அதற்கென ஒரு நிரலை நாமே எழுதியிருந்தோம். நூலின் எண்ணுக்கு 2 பைட்டு, ஆசிரியர் பெயருக்கு 30, நூற்பெயருக்கு 50, வந்த வரலாற்றுக்கு 80 என, ஒரு பதிவுக்கு 162 பைட்டுகள். எல்லாப் பதிவும் ஒரே அளவினதாதலால் கணக்கு எளிது. நூறாம் பதிவு வேண்டுமாயின் 99 பதிவுகளைக் கடக்க வேண்டும். அதாவது 16,038 பைட்டுகளைத் தாண்டி நிற்க வேண்டும். ‘எஃப்சீக்’ என்னும் கட்டளை நம்மை அவ்விடத்தில் கொண்டு நிறுத்தும். ஏட்டைப் புரட்டாமலே உரிய பக்கத்தைத் திறக்கும் அவ்வித்தையைக் கண்டு மகிழ்ந்தோம். தமிழெழுத்து அப்பொறியில் இல்லாமையால் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை எழுதினோம். அதில் ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஓருருவாய் நின்றதைக் கண்டு சிரித்தோம்.

‘சி’ மொழியில் ஒரு கோப்பைத் திறக்கும்போதே எந்நோக்கத்துடன் திறக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ஆர்’ என்னும் எழுத்து படிப்பதற்கு. ‘ஏ’ இறுதியில் சேர்ப்பதற்கு. ‘டபிள்யூ’ புதிதாக எழுதுவதற்கு. இவற்றுடன் கூட்டல் குறியைச் சேர்த்தால் படிக்கவும் எழுதவும் இயலும். நாள்தோறும் நாம் நூல்களைச் சேர்த்தது ‘ஏ’ என்னும் எழுத்தால். அதனால் முன்னவை காக்கப்பெற்றன.

214 நூல்களும் ஏறி முடிந்த பின்னர் ஒரு நூலின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கக் கண்டோம். திருத்துவதற்கென நிரலில் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தோம். படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும் என எண்ணி, ‘டபிள்யூ’வுடன் கூட்டல் குறியை இட்டோம். இடவேண்டியது ‘ஆர்’ எழுத்துடன். ‘டபிள்யூ’ என்பது, உள்ள கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் அழித்துவிட்டே திறக்கும் தன்மையது. கூட்டல் குறி அத்தன்மையை மாற்றுவதில்லை. நிரலை இயக்கினோம். ‘பதிவு இல்லை’ என்றது திரை. கோப்பின் அளவைப் பார்த்தோம். 34,668 என இருக்கவேண்டிய இடத்தில் சுழி நின்றது.

பொறி எப்பிழையையும் அறிவிக்கவில்லை. அதன் நோக்கில் பிழையே நிகழவில்லை. நாம் இட்ட கட்டளை செம்மையாக நிறைவேறியிருந்தது. படி எடுத்து வைத்திருந்தோமா? தொடக்கத்தில் சோதனைக்கென நெகிழ்வட்டு ஒன்றில் எடுத்த 40 பதிவுகள் மட்டுமே எஞ்சின.

மறுநாள் திண்ணையில் தலைகுனிந்து நின்று நடந்ததைக் கூறினோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “தம்பி, நீங்கள் சிலேட்டில் எழுதினீர்களா, ஏட்டில் எழுதினீர்களா?” என்று கேட்டார். “ஏடு என்று எண்ணினோம், ஐயா” என்றோம். “எண்ணினால் போதுமா? எழுதுமுன் தடவிப் பார்க்க வேண்டாமா?” என்றார். அதற்குமேல் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை.

நூல்கள் அலமாரியில் இருந்தமையால் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் மீண்டும் ஏறின. அவை வந்த வரலாறுதான் மீளவில்லை. பெரியவர் மறுபடியும் சொல்ல முயன்றார். முதன்முறை அருவியெனப் பொழிந்தவர், இம்முறை இடையிடையே நின்றார். எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களுக்கு, “இது யார் தந்தது...” என்று தொடங்கி அமைதியானார். அவ்விடங்களை வெற்றிடமாகவே விட்டோம். 1999இல் அவர் மறைந்தார். அவ்வெற்றிடங்கள் இன்றும் அப்படியே உள்ளன.

அவர் கேட்ட வினாவின் ஆழம் பின்னரே நமக்கு விளங்கிற்று. நூலகங்களின் வரவுப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் எவரும் எழுதியதைச் சுரண்டி அழிப்பதில்லை. பிழையெனில் ஒரு கோடிட்டு அடித்து, அருகே திருத்தம் எழுதிக் கையொப்பம் இடுவர். புதிய நூல் எப்போதும் கடைசி வரியிலேயே ஏறும். ‘ஏ’ என்னும் எழுத்தின் இயல்பும் அதுவே. ‘டபிள்யூ’வோ சிலேட்டுப் பலகை. ஓலைச்சுவடிகள் நம் கைக்கு வந்து சேர்ந்ததும் ஓலையின் வலிமையால் அன்று. செல்லரிக்குமுன் எவரோ ஒருவர் மறுபடி எழுதி வைத்ததனால்.

அந்நாள் முதல் சில நெறிகளைக் கைக்கொண்டோம். மூலக்கோப்பில் நேரே திருத்துவதில்லை. புதிய கோப்பில் எழுதி, சரிபார்த்த பின்பே பழையதன் இடத்தில் வைக்கிறோம். கோப்பு திறந்ததா என்பதை வினவாமல் அடுத்த அடி வைப்பதில்லை. பணி முடிந்ததும் ‘எஃப்குளோஸ்’ இட்டு மூடாமல் எழுவதில்லை. ஏனெனில் நாம் எழுதியது உடனே வட்டில் பதிவதில்லை, சிறிது நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். 2011ஆம் ஆண்டுத் தரத்தில் ‘எக்ஸ்’ என்னும் எழுத்தும் வந்து சேர்ந்தது. அதை ‘டபிள்யூ’வுடன் இட்டால், கோப்பு முன்னமே இருப்பின் திறக்க மறுத்துவிடும். நம்போல் தவறியவர்கள் உலகெங்கும் இருந்திருப்பர் போலும்!

பின்னாளில் அப்பழைய கோப்பைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றியபோது மேலும் ஒரு பாடம் காத்திருந்தது. பழைய ‘டர்போ சி’யில் முழுஎண்ணுக்கு 2 பைட்டு, புதியதில் 4. அதே நிரல் ஒவ்வொரு பதிவையும் 164 பைட்டாகக் கருதியதால், முதற்பதிவிலேயே எழுத்துகள் இடம் பெயர்ந்து குழம்பின. தமிழிலேயே எழுத ஒருங்குறி வாய்த்தபோது இடமும் போதவில்லை. ‘உமறுப்புலவர்’ என்னும் பெயர் நம் கண்ணுக்கு எட்டெழுத்து. ‘யூடிஎஃப்-8’ முறையில் அதற்கு 36 பைட்டுகள். நாம் அன்று ஒதுக்கியதோ 30. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயருக்கே இடமில்லாத பெட்டியைச் செய்து வைத்திருந்தோம்!

மாணவச் செல்வங்களே, நீங்கள் நம்மினும் வல்லவர்கள். உங்கள் கைக்கருவிகளும் நம் காலத்துப் பொறிகளினும் வலியவை. எனினும் உங்கள் இல்லங்களிலும் திண்ணைகள் உண்டு. அங்கே நினைவுகளைச் சுமந்த பெரியோர் உண்டு. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். பதிந்ததற்கு மறுபடி எடுத்து வைக்கும்வரை துண்டுச் சீட்டை எறியாதீர்கள். எழுதப் புகுமுன் ஒருமுறை தடவிப் பாருங்கள்: கையில் இருப்பது சிலேட்டா, ஏடா?